தூதரகத்துக்குப் போகுமுன்: கடவுச்சீட்டுப் பற்றிய வாசகர் கேள்விகள்

வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள், சகோதரர்கள், மருமக்கள் ஆகியோரின் கடவுச்சீட்டுப் பற்றி இம்முறை வந்த கடிதங்கள் அதிகம். அவற்றுள் பலருக்கும் பயன்படக்கூடியவற்றைத் தெரிந்தெடுத்து ஒரே இதழில் பதிலளிக்கிறோம். எழுதியோரின் பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் குறித்திருக்கிறோம். விண்ணப்பம் கையளிக்கப்படுவது ரொறன்ரோவிலோ பாரிஸிலோ ஆனாலும், அதனோடு இணைக்க வேண்டிய தாள்களிற் பெரும்பாலானவை இங்குள்ள வீட்டு அலுமாரியிலும் பிரதேச செயலகப் பதிவேட்டிலுமே இருக்கின்றன. ஆகவே வேலையின் பாதி யாழ்ப்பாணத்தில் உள்ளவர்களுடையது என்பதை மனதில் வைத்து இப்பதில்களை வாசிக்குமாறு வேண்டுகிறோம்.

கொக்குவிலிலிருந்து ஒரு தாய்: என் மகன் கனடாவில் படிக்கிறான். அவனுடைய கடவுச்சீட்டு இன்னும் எட்டு மாதத்தில் காலாவதியாகிறது. இங்கேயே ஒரு முகவர் மூலம் புதுப்பித்து அனுப்பலாம் என்று ஒருவர் சொல்கிறார். அப்படிச் செய்யலாமா? அவனே அங்கு செய்வதானால் எவ்வளவு முன்னதாகத் தொடங்க வேண்டும்?

அம்மா, முகவரிடம் பணம் கொடுத்துவிட வேண்டாம். 2015 ஆகஸ்ட் 10 முதல், 16 வயதுக்கும் 60 வயதுக்கும் இடைப்பட்ட விண்ணப்பதாரிகளிடம் விரலடையாளம் பெறப்படுகிறது. மகனுக்காக வேறொருவர் வரிசையில் நின்று எடுத்துக் கொடுக்கக்கூடிய ஆவணம் இதுவன்று. கனடாவில் ஒட்டாவாவிலுள்ள உயர்ஸ்தானிகராலயமும் ரொறன்ரோவிலுள்ள துணைத் தூதரகமும் இவ்வேலையைச் செய்கின்றன. மகன் வசிக்கும் மாகாணம் எதன் கீழ் வருகிறது என்பதையும், முன்கூட்டியே நேரம் ஒதுக்கிக்கொள்ள வேண்டுமா என்பதையும் அவர் முதலில் விசாரிக்கட்டும்.

பலரும் எண்ணுவதுபோல, பழைய புத்தகத்தில் ஒரு முத்திரை குத்திக் காலத்தை நீடித்துக் கொடுப்பதில்லை. புதிய இலக்கத்துடன் புதிய புத்தகமே வழங்கப்படுகிறது. அதைத் தூதரகம் அச்சிடுவதுமில்லை. அங்கு பெறப்படும் விண்ணப்பம் பத்தரமுல்லையிலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத் தலைமையகத்துக்கு அனுப்பப்பட்டு, அங்கு புத்தகம் தயாரிக்கப்பட்ட பின்னர் மீண்டும் தூதரகத்துக்கு வந்து சேர வேண்டும். போக்குவரத்துக்கே வாரங்கள் செல்லும்; கொழும்பில் நெருக்கடி ஏற்பட்டால் மாதங்களும் செல்லும். 2024ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வெற்றுப் புத்தகங்களுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு, பத்தரமுல்லையில் மக்கள் இரவிரவாக வீதியோரத்தில் வரிசையில் நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். எனவே எட்டு மாதம் என்பது அதிக அவகாசமன்று. இந்த வாரமே தொடங்கச் சொல்லுங்கள்.

மாணவர் என்பதால் இன்னொரு காரணமும் உண்டு. கனடாவின் கல்வி அனுமதி பொதுவாகக் கடவுச்சீட்டின் முடிவுத் திகதியைத் தாண்டி வழங்கப்படுவதில்லை. கல்வி அனுமதியை நீடிக்க விண்ணப்பிக்கும் நேரத்தில் கடவுச்சீட்டில் நாலு மாதமே எஞ்சியிருந்தால், நாலு மாதத்துக்கு மட்டும் அனுமதி கிடைத்து, மறுபடியும் கட்டணம் கட்டி விண்ணப்பிக்க நேரிடலாம். பயணத்திலும் இதே சிக்கல் வரும்: பல நாடுகள் ஆறு மாதச் செல்லுபடிக் காலம் எஞ்சியிருக்க வேண்டுமென எதிர்பார்ப்பதால், பத்து வருடக் கடவுச்சீட்டு நடைமுறையில் ஒன்பதரை வருடத்துக்கே உதவுகிறது.

கே 35 ஏ என்ற விண்ணப்பப் படிவம், தற்போதைய கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, குறித்த அளவிலான நிழற்படங்கள், அந்நாட்டில் தங்கியிருப்பதற்கான அனுமதி ஆகியவை தேவைப்படும். இவற்றுள் பிறப்புச் சான்றிதழின் மூலப்பிரதி பெரும்பாலும் உங்கள் வீட்டிலேயே இருக்கும். அதைப் பதிவுத் தபாலில் அனுப்பு முன்னர் இருபக்கத்தையும் தெளிவாகப் பிரதியெடுத்து வையுங்கள். புதிய புத்தகம் கிடைத்த பின்னர் மகன் பழையதை வீசிவிடக் கூடாது. அதிலுள்ள விசா இன்னும் செல்லுபடியாக இருந்தால், பயணம் செய்யும்போது இரண்டையும் சேர்த்தே கொண்டுசெல்ல வேண்டும். பிரித்தானியாவில் உள்ளவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்: அங்கு வதிவிட உரிமை இப்போது இணையவழி விசாவாக மாறியிருப்பதால், புதிய கடவுச்சீட்டின் இலக்கத்தைத் தமது கணக்கில் பதிந்த பின்னரே விமான நிலையத்துக்குப் போக வேண்டும்.

சாவகச்சேரியிலிருந்து ஒரு வாசகர்: என் தம்பி பிரான்சில் அகதி அந்தஸ்துப் பெற்று வாழ்கிறார். அம்மா சுகவீனமாக இருக்கிறார். தம்பி ஒரு தடவை வந்து பார்க்க ஆசைப்படுகிறார். அவரிடமுள்ள பயண ஆவணத்தில் இலங்கைக்குப் போக முடியாது. பாரிஸிலுள்ள எமது தூதரகத்தில் கடவுச்சீட்டு எடுத்துக்கொண்டு வந்துவிட்டுப் போகலாம் என்று அங்குள்ள நண்பர்கள் சொல்கிறார்களாம். எடுக்கலாமா?

ஐயா, வழக்கறிஞர் ஒருவரின் ஆலோசனையின்றி உங்கள் தம்பி அந்தத் தூதரகத்தில் விண்ணப்பிக்கக் கூடாது. இம்மாதம் வந்த கடிதங்களுள் எமக்கு அதிகம் கவலை தந்தது உங்களுடையதுதான். இதே யோசனை எத்தனையோ குடும்பங்களில் தேநீர்ப் பேச்சாகச் சொல்லப்படுவதை நாம் அறிவோம் என்பதால், விரிவாகவே எழுதுகிறோம்.

அகதி அந்தஸ்து என்பது, சொந்த நாட்டின் பாதுகாப்பைப் பெற முடியாத, அல்லது அச்சத்தினால் பெற விரும்பாத ஒருவருக்கு இன்னொரு நாடு கொடுக்கும் பாதுகாப்பு. அதை வரையறுக்கும் 1951ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயம், அந்தப் பாதுகாப்பு எப்போது முடிவுக்கு வரும் என்பதையும் சொல்கிறது. தனது நாட்டின் பாதுகாப்பைத் தானாக விரும்பி மீண்டும் பெற்றுக்கொள்பவருக்குச் சமவாயம் பொருந்தாது என்பது அதன் முதலாம் உறுப்புரையின் சி பிரிவில் முதலாவதாக இடம்பெற்றுள்ளது. கடவுச்சீட்டு என்பதே, அதை வைத்திருப்பவரைத் தன் பிரசையாகக் கருதிப் பாதுகாக்குமாறு ஓர் அரசு பிற அரசுகளைக் கேட்டுக்கொள்ளும் ஆவணம். ஆகவே அகதி ஒருவர் தன் நாட்டுக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்து அதைப் பெற்றுக்கொண்டால், எதிரான சான்று இல்லாதவிடத்து, அந்நாட்டின் பாதுகாப்பை அவர் மீண்டும் நாடியதாகவே கொள்ளப்படும் என்பது ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர்ஸ்தானிகரகத்தின் வழிகாட்டலாகும். எடுத்த கடவுச்சீட்டில் உடனே இலங்கைக்குப் பயணமும் செய்துவிட்டால், அந்த முடிவை மறுத்து வாதிடுவது மேலும் கடினமாகும்.

இது ஏட்டளவிலான அச்சம் என்று யாரும் தம்பிக்குச் சொன்னால் நம்ப வேண்டாம். கனடாவில் 2012ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்துக்குப் பின்னர், இக்காரணத்துக்காக அகதி அந்தஸ்தை இழப்பவர் தமது நிரந்தர வதிவிட உரிமையையும் சேர்த்தே இழக்கிறார். பல வருடங்கள் அங்கு வாழ்ந்து, வரி கட்டி, வீடு வாங்கியவராக இருந்தாலும் விதி ஒன்றுதான். பிரான்சில் அகதி அந்தஸ்தை வழங்குவதும் முடிவுறுத்துவதும் ஒஃப்ப்ரா என்ற அலுவலகத்தின் அதிகாரம். உங்கள் தம்பிக்கு அந்தஸ்து எந்தப் பெயரில், எந்தச் சட்டப் பிரிவின் கீழ் வழங்கப்பட்டது என்பதை அவருடைய தாள்களை வைத்துக்கொண்டு பார்க்கக்கூடிய வழக்கறிஞரே அடுத்த படியைச் சொல்ல வேண்டும். தாயின் கடுமையான நோய், நெருங்கிய உறவினரின் மரணம் போன்ற விதிவிலக்கான சந்தர்ப்பங்களில், பிரெஞ்சு நிர்வாகத்திடமே குறுகிய காலப் பயண அனுமதி கோரும் வழியொன்று இருக்கிறது. மருத்துவச் சான்றிதழை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலோ, அம்மா சிகிச்சை பெறும் வேறு இடத்திலோ ஆங்கிலத்தில் பெற்று அனுப்பினால், அந்தக் கோரிக்கைக்கு அது அடிப்படையாகும். அதுவே நீங்கள் இங்கிருந்து செய்யக்கூடிய பயனுள்ள உதவி.

இன்னொரு வழியை எம்மவர் பல வருடங்களாகக் கடைப்பிடித்து வருகிறார்கள்: மூன்றாவது நாடொன்றில், பெரும்பாலும் தமிழ்நாட்டில், சந்திப்பது. அகதிப் பயண ஆவணத்தில் விசா பெற்றுத் தம்பி சென்னைக்கு வர, பலாலியிலிருந்து அம்மா விமானத்தில் போகலாம். அம்மாவின் உடல்நிலை இடங்கொடுக்குமானால் எல்லோருக்கும் பாதுகாப்பான ஏற்பாடு இதுதான் என்பது எமது கருத்து.

ஒரு விடயத்தில் மட்டும் பயம் வேண்டியதில்லை. பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ் போன்றவற்றை இலங்கைப் பதிவகங்களிலிருந்து பெறுவது பாதுகாப்பை மீண்டும் நாடியதாகக் கருதப்படுவதில்லை என்று அதே வழிகாட்டல் தெளிவாகச் சொல்கிறது. அகதியாக உள்ள சகோதரருக்காக நீங்கள் பிரதேச செயலகத்தில் பிறப்புச் சான்றிதழின் பிரதி எடுத்து அனுப்பலாம்.

அகதி அந்தஸ்துக் கிடைக்காமல், மனிதாபிமான அடிப்படையிலோ வேறு அடிப்படையிலோ வதிவிட அனுமதி பெற்றவர்களின் நிலை வேறு. அவர்களிடம் அந்நாட்டு அதிகாரிகளே சொந்த நாட்டுக் கடவுச்சீட்டைக் கேட்பதுண்டு. அவ்வாறு கேட்டால், கேட்ட கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்ட பின்னரே தூதரகத்துக்குப் போக வேண்டும். எவருடைய சொல்லின்பேரில் விண்ணப்பித்தார் என்பதற்கு அந்தக் கடிதமே சாட்சி.

பருத்தித்துறையிலிருந்து ஒரு வாசகர்: அண்ணா பிரித்தானியப் பிரசாவுரிமை எடுத்துவிட்டார். அவருடைய பழைய இலங்கைக் கடவுச்சீட்டு காலாவதியாகி இருக்கிறது. ஊரில் ஒரு காணி வாங்க விரும்புகிறார். லண்டன் தூதரகத்தில் அதைப் புதுப்பித்தால் வாங்கலாம்தானே?

இல்லை. வேறொரு நாட்டின் பிரசாவுரிமையைத் தாமாக விரும்பிப் பெற்றுக்கொண்டவர், இரட்டைப் பிரசாவுரிமைக்கு விண்ணப்பித்து அனுமதி பெற்றிராவிடில், இலங்கைப் பிரசையாக இருப்பது அத்துடன் முடிந்துவிடுகிறது. பிரசையல்லாதவருக்குக் கடவுச்சீட்டு வழங்கப்படாது. வேற்று நாட்டுப் பிரசாவுரிமையை மறைத்து விண்ணப்பப் படிவத்தில் கையெழுத்திடுவது பொய்யான கூற்றாகும். அதை அண்ணாவுக்கு யாரும் இலகுவான வழியாகச் சொல்லிக் கொடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரியான வழி, இரட்டைப் பிரசாவுரிமை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தில் 1987ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் இது இடம்பெற்றது. ஏற்கெனவே இழந்த பிரசாவுரிமையை மீளப் பெறுவதற்கு ஒரு பிரிவும், இழக்குமுன்பே அதைத் தக்கவைத்துக்கொள்ள இன்னொரு பிரிவும் 19ஆம் பிரிவில் உள்ளன. அண்ணா முதலாவது வகை. 55 வயதைக் கடந்தவர்கள், கல்வித் தகைமையோ தொழிற்றகைமையோ உடையவர்கள், இலங்கையில் சொத்தோ வங்கி வைப்போ உள்ளவர்கள், இரட்டைப் பிரசையின் வாழ்க்கைத்துணை என்று வெவ்வேறு அடிப்படைகளில் விண்ணப்பிக்கலாம். அந்தச் சான்றிதழ் கையில் கிடைத்த பின்னர் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிப்பது ஏனையோருக்குரிய நடைமுறைதான். சான்றிதழையும் சேர்த்துக் காட்ட வேண்டும், அவ்வளவே.

காணியைப் பொறுத்தவரை இது முக்கியம். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி உரிமை மாற்றப்படுவதைத் தடுக்கிறது. இரட்டைப் பிரசைகளை அத்தடை கட்டுப்படுத்தாது. எனவே முற்பணம் கொடுக்குமுன், உறுதி எழுதும் நொத்தாரிசிடம் அண்ணாவின் பிரசாவுரிமை நிலையை மறைக்காமல் சொல்லுங்கள்.

இன்னும் வெளிநாட்டுப் பிரசாவுரிமை எடுக்காமல், எடுக்க எண்ணியிருக்கும் உறவினர் உங்களுக்கு இருந்தால், எடுக்கும் முன்னரே தக்கவைத்துக்கொள்ள விண்ணப்பிக்குமாறு சொல்லுங்கள். மற்றைய நாடும் இரட்டைப் பிரசாவுரிமையை ஏற்க வேண்டும் என்பதால் முன்பு பலர் தயங்கினர். டென்மார்க் 2015 செப்டெம்பரிலும், நோர்வே 2020 ஜனவரியிலும், ஜேர்மனி 2024 ஜூனிலும் அதை அனுமதித்துவிட்டன.

நல்லூரிலிருந்து ஒரு பாட்டி: பேத்தி சுவிற்சர்லாந்தில் பிறந்து நாலு மாதம். பெற்றோர் இருவரும் இலங்கைப் பிரசைகள். பிள்ளைக்கு இலங்கைக் கடவுச்சீட்டு எடுக்க என்ன செய்ய வேண்டும்?

கடவுச்சீட்டுக்கு முன்னதாகப் பிரசாவுரிமைப் பதிவு நடைபெற வேண்டும், அம்மா. வெளிநாட்டில் பிறந்த பிள்ளை, பிறக்கும்போது பெற்றோரில் ஒருவராவது இலங்கைப் பிரசையாக இருந்தால், பிரசாவுரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவின் கீழ் பதிவு செய்யப்படலாம். முன்னர் தந்தை வழிக்கே இருந்த இவ்வுரிமை 2003ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் தாய் வழிக்கும் உண்டு. ஒரு வருடத்துக்குள் பதிவது இலகு. தாமதித்தால் தக்க காரணம் காட்டி அமைச்சரின் அனுமதி பெற வேண்டியிருக்கும். இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. பெற்றோரின் பிறப்புச் சான்றிதழ்களையும் விவாகச் சான்றிதழையும் இப்போதே தேடி அனுப்புங்கள். தமிழ்நாட்டில் பிறந்து பெற்றோருடன் ஊர் திரும்பிய பிள்ளைகளுக்கும் இதே சட்டமே. அவர்களிற் சிலர் பாடசாலைக் கல்வியை முடித்து வெளிநாடு போக முயலும்போதுதான் இந்தச் சான்றிதழ் தம்மிடம் இல்லையென்று அறிகிறார்கள். அதுவரை காத்திராமல் பிரதேச செயலகத்தில் இன்றே விசாரிக்கலாம்.

மானிப்பாயிலிருந்து ஒரு வாசகர்: ஜேர்மனியிலுள்ள என் மகளின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒருவிதமாகவும் கடவுச்சீட்டில் இன்னொருவிதமாகவும் இருக்கிறதென்று தூதரகத்தில் சொல்லிவிட்டார்கள். பத்து வருடத்துக்கு முன் இதே தாள்களில்தான் கடவுச்சீட்டுத் தந்தார்கள். இப்போது என்ன செய்வது?

முன்பு ஏற்றார்கள் என்பதை இப்போது வாதமாக வைக்க முடியாது. பிழையைத் திருத்துவதே குறுகிய வழி. பிழை எங்கிருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். மேசையில் நான்கு தாள்களை அருகருகே வையுங்கள்: பிறப்புச் சான்றிதழ், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, அடையாள அட்டை, பழைய கடவுச்சீட்டு. ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள்.

எமது பிரதேசத்தில் இச்சிக்கல் இரண்டு இடங்களில்தான் பெரும்பாலும் தோன்றுகிறது. ஒன்று, பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருப்பதால், ஆங்கில எழுத்துக்கள் ஒவ்வோர் அலுவலகத்திலும் ஒவ்வொருவர் காதில் விழுந்தபடி எழுதப்படுகின்றன. சிவகுமார் என்ற பெயரின் முதலெழுத்து ஒரு தாளில் எஸ் என்றும் அடுத்ததில் எஸ் எச் என்றும் இருக்கும். வதனி என்பதில் ‘த’ ஓரிடத்தில் டி எச் ஆகவும் மற்றோரிடத்தில் ரி எச் ஆகவும் இருக்கும். மற்றையது, குடும்பப் பெயர். பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயருக்குரிய நிரலில் அவருடைய சொந்தப் பெயர் மட்டும் இருக்க, தகப்பனின் பெயர் வேறொரு நிரலில் இருக்கிறது. கடவுச்சீட்டிலோ குடும்பப் பெயர், ஏனைய பெயர்கள் என்று இரு பகுதிகள். ஒருவர் தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராக இடுகிறார், இன்னொருவர் திருமணத்தின் பின் கணவனின் பெயரை இடுகிறார். ஜேர்மனியில் வதிவிட அட்டை, வங்கி, பிள்ளையின் பிறப்புப் பதிவு எல்லாம் அந்தக் குடும்பப் பெயரிலேயே நடப்பதால், புதிய கடவுச்சீட்டில் அது மாறினால் அங்குள்ள எல்லாத் தாள்களும் குழம்பும்.

மொழிபெயர்ப்பில் மட்டும் பிழையென்றால், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம், ஏற்கெனவே கடவுச்சீட்டிலுள்ள ஆங்கில எழுத்துக்களைக் காட்டி, அதே எழுத்தில் புதிய மொழிபெயர்ப்பைப் பெறலாம். மகளுக்கு அதிகம் இடைஞ்சல் தராத தீர்வு அது. பிறப்புப் பதிவிலேயே தமிழ்ப் பெயர் தவறாக இருந்தால், பிரதேச செயலகத்தின் மேலதிக மாவட்டப் பதிவாளர் பிரிவில் திருத்தத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். பாடசாலை அனுமதிப் பதிவு, ஞானஸ்நானப் பதிவு, பெற்றோரின் சத்தியக்கடதாசி போன்றவை சான்றாக உதவும். சத்தியக்கடதாசி ஒன்று மட்டும் பதிவைத் திருத்திவிடும் என்று எண்ணிச் சமாதான நீதவானிடம் ஓடுவது வீண் அலைச்சல்.

ஊர்காவற்றுறையிலிருந்து ஒரு வாசகி: தங்கை குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். கடவுச்சீட்டு முடியப் போகிறது. எசமான் அதைத் தன்னிடம் வைத்துக்கொண்டு தர மறுக்கிறார்.

தொழிலாளியின் கடவுச்சீட்டைத் தொழில்தருநர் பிடித்து வைத்திருப்பதற்கு உரிமை இல்லை. கடவுச்சீட்டு எந்த வீட்டில் யார் கையில் இருந்தாலும் அது இலங்கை அரசின் ஆவணம். கடவுச்சீட்டின் முதற்பக்கப் பிரதி, தங்கையின் அடையாள அட்டைப் பிரதி, வேலை ஒப்பந்தம் ஆகியவை உங்களிடம் இருந்தால், அவற்றுடன் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் எழுத்து மூலம் முறையிடுங்கள். பணியகத்தில் பதிவு செய்து போனவராக இருந்தால் இது விரைவாக நகரும். தங்கை குவைத்திலுள்ள எமது தூதரகத்தின் தொழிலாளர் நலன் பிரிவுடன் தொலைபேசியில் பேசட்டும். கடவுச்சீட்டு தொலைந்துவிட்டதென்று பொலிஸில் பொய்யான முறைப்பாடு கொடுத்துப் புதியது எடுக்குமாறு எவரும் சொன்னால் கேட்க வேண்டாம். அது அவளையே குற்றவாளியாக்கும்.

உரும்பிராயிலிருந்து ஒரு வாசகர்: மருமகன் நோர்வேயில் வேலை அனுமதியில் இருக்கிறார். ஒஸ்லோவில் தூதரகம் இல்லையாம். விடுமுறையில் வரும்போது இங்கேயே புதிய கடவுச்சீட்டு எடுக்க முடியுமா?

முடியும். ஒஸ்லோத் தூதரகத்தை மூடும் முடிவு 2022இல் அறிவிக்கப்பட்ட பின்னர் நோர்வேயில் உள்ளவர்களுக்கு அலைச்சல் கூடியிருப்பது உண்மை. மருமகன் ஊரில் நிற்கும்போது விண்ணப்பிப்பது நல்லது. 2025 செப்டெம்பரில் யாழ்ப்பாணம் மாவட்டச் செயலகத்தில் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் திறக்கப்பட்டிருப்பதால், முன்புபோல வவுனியாவுக்கோ பத்தரமுல்லைக்கோ இரவுப் பேருந்தில் போக வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் விடுமுறை குறுகியதென்றால், புத்தகம் கைக்கு வர எத்தனை நாள் செல்லும் என்பதை அவர் விமானச் சீட்டுப் பதிவதற்கு முன்னரே நீங்கள் கச்சேரிக்குப் போய்க் கேட்டு அறிவியுங்கள். நிழற்படத்தைத் திணைக்களம் அங்கீகரித்த நிலையத்திலேயே எடுக்க வேண்டும். நோர்வேயிலிருந்து கொண்டுவரும் படம் இங்கு செல்லாது. புதிய புத்தகத்துடன் திரும்பும்போது, நோர்வே வதிவிட அட்டையும் பழைய கடவுச்சீட்டும் கைப்பையில் இருக்கட்டும்.